மூடிப்போன ட்ரைவ் இன் தியேட்டர் தேடுறதுக்கு கூகிள் ஏர்த் ப்ரோ: ஒரு வருசம் பாவிச்ச பிறகு

முதல்லயே சொல்லிடுறன், இது கூகிள் ஏர்த் ப்ரோ எண்ட கொம்பியூட்டர் சொஃப்ட்வெயர் பற்றின ரிவியூ. ஆனா வழி பாக்கவோ காணி பாக்கவோ நான் அதைப் பாவிக்கேல்ல. மூடிக் கைவிட்ட ட்ரைவ் இன் தியேட்டர்களைத் தேடுறதுக்கு மட்டும்தான், அதுவும் கொழும்பு வெள்ளவத்தையில இருந்துகொண்டு அமெரிக்காவிலயும் ஒஸ்ரேலியாவிலயும் சிங்கப்பூரிலயும். ஒரு வருசத்துக்கு மேல கிட்டத்தட்ட ஒவ்வொரு ராவும் திறந்து வச்சிருந்த பிறகு எழுதுறன், அதால கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

ட்ரைவ் இன் எண்டால் தெரியாத ஆக்களுக்கு: பெரிய திறந்த வளவு, ஒரு பக்கத்தில ராட்சச ஸ்க்ரீன், காரைக் கொண்டுபோய் அதுக்கு முன்னால நிப்பாட்டிட்டு காருக்குள்ளயே இருந்து படம் பாக்கிறது. இதை எனக்கு முதல்ல சொன்னது என்ர மாமா, அம்மான்ர அண்ணா. அவர் 70களில சிங்கப்பூரில ஜூரோங் பக்கம் ஒரு ஷிப்யார்ட்டில வேலை செய்தவர். லீவில ஊருக்கு வந்து, அங்க வானத்துக்குக் கீழ தியேட்டர் இருக்கு, நூற்றுக்கணக்கில கார் நிக்கும், படம் ஓடும் எண்டு சொல்ல வீட்டில ஒருத்தரும் நம்பேல்லயாம், அம்மம்மா "உவன் வெளிநாடு போய் கதை விடப் பழகிட்டான்" எண்டவாவாம். நான் பிறகு தேடிப் பாத்தா மாமா சொன்ன அவ்வளவும் உண்மை. ஜூரோங் ட்ரைவ் இன், கதே நிறுவனம் நடத்தினது, யுவான் சிங் ரோட்டில, 1971 ஜூலை 14 திறந்தது, 1985இல மூடினது. 899 கார் நிக்கிற இடம். அதோட கார் இல்லாத ஆக்களுக்கு எண்டு 300 பேர் இருக்கிற ஒரு கலரி. மாமா இருந்தது அந்த 300 கதிரையில ஒண்டில தான். பெரிய ஆக்களுக்கு 2 டொலர், சின்னப் பிள்ளையளுக்கு 1 டொலர்.

"அந்த இடத்தை எனக்கு ஒருக்காக் காட்டு பிள்ளை" எண்டு அவர் கேட்டதுதான் எல்லாத்துக்கும் தொடக்கம். அவருக்கு இப்ப 78 வயசு, ராமகிருஷ்ணா ரோட்டில ஒரு ஃப்ளட்டில மூண்டாம் மாடி, முழங்கால் ஏலாது, கீழ கோவிலுக்கு வாறதே பெரிய பாடு, சிங்கப்பூர் போற கதையே இல்ல.

சரி, சொஃப்ட்வெயருக்கு வாறன். கூகிள் ஏர்த் ப்ரோ முந்தி காசுக்கு வித்தது, வருசத்துக்கு 399 அமெரிக்க டொலர். 2015 ஜனவரியில இருந்து இலவசம். எங்கட காசில 399 டொலர் எவ்வளவு எண்டு நினைச்சுப் பாருங்கோ, பிறகு அது சும்மா கிடைக்குது எண்டதையும் நினைச்சுப் பாருங்கோ. டவுண்லோட் செய்யிறது ஒரு வேலையே இல்ல, சின்ன ஃபைல்தான். ஆனா அதுக்குப் பிறகு நீங்கள் ஊர் ஊரா சுத்தச் சுத்த படம் எல்லாம் இன்டர்நெட்டில இருந்து தான் வரும், அதால டேட்டா தண்ணி மாதிரிப் போகும். நான் பகலில தொடவே மாட்டன், ராவு பன்னிரண்டுக்குப் பிறகு நைட் டேட்டா தொடங்கினாப் பிறகு தான் உக்காருறது. என்ர லப்டொப் பழசு, 8 ஜிபி ரேம், த்ரீ டி கட்டடங்களை ஓஃப் பண்ணி வச்சால் பிரச்சினை இல்லாமல் ஓடுது. தியேட்டர் தேடுற ஆளுக்கு அந்தக் கட்டடங்கள் தேவையும் இல்ல.

மேல டூல்பாரில ஒரு மணிக்கூட்டுப் படம் இருக்கும், பச்சை அம்புக்குறியோட. இந்த ரிவியூ முழுக்க அந்த ஒரு பட்டனுக்காகத் தான். அதை அமத்தினா ஒரு ஸ்லைடர் வரும், அதில சின்னச் சின்னக் கோடு இருக்கும், ஒவ்வொரு கோடும் அந்த இடத்தை எடுத்த ஒரு பழைய படத்தின்ர திகதி. இடப்பக்கம் இழுக்க இழுக்க ஊர் இளமையாகும். 2009இல ஐந்தாவது வேர்ஷனோட தான் இந்த வசதி வந்தது. அமெரிக்காவில கன இடங்களுக்கு 1990களின்ர கறுப்பு வெள்ளைப் படம் இருக்கு, சில நகரங்களுக்கு 1930கள், 40கள் வரைக்கும் போகும். 2024இல இருந்து ப்ரவுசரிலயும் போனிலயும் கூட இந்தப் பழைய படங்களைப் பாக்கலாம். ஆனா என்ர வேலைக்கு போன் காணாது, பெரிய ஸ்க்ரீனும் மவுஸும் வேணும், ஏனெண்டு கீழ சொல்றன்.

நான் வேலை செய்யிறது கொழும்பில ஒரு கியூ.எஸ் (கட்டட வேலைக்கு அளவும் செலவும் கணக்குப் போடுற) ஒபிஸில. நாள் முழுக்க பிளான் பாத்துப் பழகின கண். அதால எனக்கு மேல இருந்து பாத்தா ஒரு வடிவம் என்ன சொல்லுது எண்டு ஓரளவு பிடிபடும். ட்ரைவ் இன் தியேட்டர் மாதிரி மேல இருந்து அடையாளம் காணக்கூடிய கட்டடம் உலகத்தில வேற இல்ல எண்டு நான் நினைக்கிறன், இத்தனைக்கும் அது கட்டடமே இல்ல, மண். ஸ்க்ரீனை நடுவில வச்சு அதைச் சுத்தி வளைவு வளைவா வரம்பு போட்டிருப்பாங்கள், எங்கட வயல் வரம்பு மாதிரி, ஆனா எல்லாம் அரை வட்டமா, ஒண்டுக்குப் பின்னால ஒண்டா, விசிறி விரிச்ச மாதிரி. கார் முன்சில்லை அந்த வரம்பில ஏத்தி நிப்பாட்டினா கார் மூக்கு மேல தூக்கி நிக்கும், அப்ப முன்னால நிக்கிற காரின்ர கூரை மறைக்காது. அவ்வளவு தான் சூட்சுமம்.

இதைக் கண்டுபிடிச்ச ஆள் நியூ ஜேர்சியில ரிச்சர்ட் ஹொலிங்ஸ்ஹெட் எண்டவர். வீட்டு வாசலில கார் போற பாதையில நிண்டு பரீட்சை பாத்தவர், மரத்தில ஸ்க்ரீன் கட்டி, கார் பொனெட்டில ஒரு கொடாக் ப்ரொஜெக்டரை வச்சு, ஸ்க்ரீனுக்குப் பின்னால ரேடியோவை வச்சு, காரின்ர சில்லுக்குக் கீழ கட்டை குடுத்து எவ்வளவு தூக்கினா எவ்வளவு தெரியும் எண்டு ஒவ்வொண்டா அளந்து அளந்து பாத்தவர். 1933 மே 16 பேட்டன்ட் கிடைச்சது, நம்பர் 1,909,537, ஜூன் 6 கேம்டனுக்குக் கிட்ட முதல் தியேட்டர் திறந்தது. காருக்கு 25 சதம், ஆளுக்கு 25 சதம். அந்த பேட்டன்ட் வரைபடத்தை கூகிள் பேட்டன்ட்ஸில ஃப்ரீயா பாக்கலாம், நான் பிரிண்ட் எடுத்து மேசைக்கு மேல ஒட்டி வச்சிருக்கிறன். கார் எப்பிடிச் சரிஞ்சு நிக்க வேணும், பின்னால இருக்கிறவன்ர கண் மட்டம் எங்க வருது எண்டு கோடு போட்டுக் காட்டியிருப்பார், ஒரு நல்ல ட்ராஃப்ட்ஸ்மன் வரைஞ்ச வேலை, அவ்வளவு வடிவு. 1949இல அப்பீல் கோர்ட் அந்த பேட்டன்ட் செல்லாது எண்டு சொல்லிட்டுது. கார் நிப்பாட்டுற ஒழுங்கு கண்டுபிடிப்பில்ல எண்டு. எனக்கு அது இண்டைக்கும் மனவருத்தம்.

அவரின்ர முதல் தியேட்டர் நாலு வருசம் கூட ஓடேல்ல. ஆனா யோசனை பரவிட்டுது. பென்சில்வேனியாவில 1934 ஏப்ரலில திறந்த ஷாங்க்வைலர்ஸ் தான் ஓடிக்கொண்டிருக்கிறதில மிகப் பழசு. 1950களின்ர கடைசியில அமெரிக்கா முழுக்க 4,000க்கு மேல இருந்தது, இப்ப கிட்டத்தட்ட 300. அப்ப மிச்சம் மூவாயிரத்துச் சொச்சம் எங்க? அதைத் தான் நான் தேடுறன்.

சரி, எப்பிடித் தேடுறது எண்டு சொல்றன். முதல்ல ஊரின்ர ஓரத்தைப் பாருங்கோ, நடுவில தேடாதேங்கோ. ட்ரைவ் இன் கட்டினவங்கள் காணி மலிவா கிடைக்கிற இடத்தில, ஹைவேக்குப் பக்கத்தில கட்டினவங்கள். ஊர் பிறகு வளந்து வந்து அதை விழுங்கினது, அதனால பழைய ஹைவேயைப் பிடிச்சுக்கொண்டு போனால் தட்டுப்படும். டிக்கெட் குடுக்கிற சின்ன அறை ரோட்டில இருந்து நல்லா உள்ளுக்குத் தள்ளி இருக்கும், கார் கியூ ஹைவேயில ஏறாமல் இருக்க. அந்த நீளமான உள்பாதை பத்தைக்குள்ள ஒளிஞ்சிருந்தாலும் கோடா தெரியும். விசிறிக்கு நடுவில ஒரு சதுரக் கட்டடம் இருக்கும், அது ப்ரொஜெக்டரும் சாப்பாட்டுக் கடையும். பிறகு ரூலர் டூலை எடுத்து வளைவுக்கு வளைவு எவ்வளவு தூரம் எண்டு அளவுங்கோ, 40 அடி, அதாவது 12 மீற்றர் அளவில வந்தால் கையைத் தட்டலாம். கிட்டத்தட்ட எல்லாரும் அந்த அளவில தான் கட்டினவங்கள், ஒரு காரும் பின்னால இன்னொரு கார் போற வழியும் அவ்வளவு இடம் தான் பிடிக்கும்.

ஸ்க்ரீன் நிக்குதோ விழுந்திட்டுதோ எண்டு எப்பிடித் தெரியும்? மேல இருந்து பாத்தா ஸ்க்ரீன் ஒரு மெல்லிய கோடு, ஒண்டும் விளங்காது. நிழலைப் பாருங்கோ. நிழல் பெரிய சதுரமா நிலத்தில கிடந்தால் ஸ்க்ரீன் இன்னும் நிக்குது எண்டு அர்த்தம். இது நானே பல ராத்திரி முழிச்சுப் பிடிச்ச விசயம், யாரும் சொல்லித் தரேல்ல.

ஓஹாயோவில ஒரு சின்ன டவுனுக்கு வெளியில கண்டுபிடிச்ச ஒரு இடத்தைப் பற்றிச் சொல்லாமல் விடேலாது. இப்பத்தைய படத்தில பாத்தா வெறும் காடு. பச்சை, அவ்வளவு தான். ஆனா மரங்கள் ஒரு ஒழுங்கில நிக்குது மாதிரி ஒரு சந்தேகம். ஸ்லைடரை குளிர்காலப் படம் ஒண்டுக்கு இழுத்தன் (எப்பவும் இலை கொட்டின மாதப் படத்தைத் தேடுங்கோ, டிசம்பரில இருந்து மார்ச் வரைக்கும்). இலை எல்லாம் போனவுடன கீழ ஒன்பது வளைவு. ஒன்பது. கார் நிண்டு நிண்டு இறுகின கல்லு நிலத்தில மரம் முளைக்க மாட்டாமல், வரம்புக்கு வரம்பு இடையில மட்டும் வளந்து, மரமே வளைவு வளைவா வரிசையில நிக்குது, ஏதோ தங்கட முறை வரும் எண்டு கியூவில நிக்கிற சனம் மாதிரி. அளந்து பாத்தன், 12 மீற்றர். இன்னும் பின்னுக்கு இழுத்தன், 90களின்ர கறுப்பு வெள்ளைப் படம் வந்தது. காடு இல்ல, புல்லு. வடக்குப் பக்கத்தில கறுப்பா ஒரு நீட்டுச் சதுரம். நிழல். ஸ்க்ரீன் அண்டைக்கு நிண்டிருக்கு. அடுத்த படம் பத்து வருசம் தள்ளி, அதில நிழல் இல்ல. அந்த ரெண்டு படத்துக்கும் இடையில ஏதோ ஒரு நாள் அது விழுந்திருக்கு, காத்தோ ஆக்களோ தெரியாது, ராவு ரெண்டரை மணிக்கு வெள்ளவத்தையில இருந்து நான் அதைப் பாத்துக்கொண்டு இருக்கிறன், வெளியில கோல் ரோட்டில ஒரு த்ரீவீல் போற சத்தம் மட்டும். எனக்கு நெஞ்சு என்னவோ செய்தது. ஒரு காலத்தில ஒரு ஊர் முழுக்க சனிக்கிழமை ராவு அங்க போயிருக்கும், பிள்ளையள் பின் சீட்டில நித்திரையாப் போயிருக்கும், அந்த வளைவில ஒவ்வொண்டிலயும் ஒரு குடும்பம் நிண்டிருக்கும்.

ஏன் மூடினவங்கள் எண்டதுக்கு ஒரு காரணம் இல்ல. ஊர் வளந்து காணி விலை ஏறிட்டுது, படம் காட்டுறதை விட விக்கிறது லாபம். 1966இல சட்டம் போட்டு கோடையில மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினதால இருட்டுறது பிந்தி, படம் ராவு ஒன்பதுக்குப் பிறகு தான் தொடங்கலாம் எண்டாப் பிறகு சின்னப் பிள்ளையளோட ஆர் போவினம்? வடக்கு மாநிலங்களில குளிர் எண்டு அரைவாசி வருசம் எப்படியும் பூட்டு. பிறகு வீடியோ. கடைசி அடி 2013, 2014 அளவில, ஃபிலிம் சுருளை நிப்பாட்டி எல்லாம் டிஜிட்டல் எண்டு வந்தது, ஒரு ப்ரொஜெக்டருக்குப் பல்லாயிரம் டொலர், கோடையில மட்டும் ஓடுற ஒரு குடும்பத் தியேட்டர் அதை எங்க போய் எடுக்கிறது. சிலது தப்பிச்சது. மிசூரியில கார்த்தேஜில ரூட் 66 ரோட்டில நிக்கிற 66 ட்ரைவ் இன் 1949இல திறந்து 1985இல மூடி, பிறகு பழைய கார் உடைக்கிற வளவாக் கிடந்து, 1998இல திரும்பத் திறந்தது. காரில வந்து படம் பாத்த இடத்தில கார் உடைச்சு, பிறகு திரும்பவும் கார் வந்து நிண்டு படம் பாத்திருக்கு.

கவனம், ஏமாத்துற வடிவங்களும் இருக்கு. மலைச் சரிவில வளைவா உழுத வயல் தூரத்தில இருந்து அச்சு அசல் ட்ரைவ் இன் மாதிரி இருக்கும், ஆனா வளைவு எல்லாம் ஒரு புள்ளியைப் பாக்காது. திறந்தவெளி அரங்கு சின்னனா இருக்கும். கரவான் வீடுகள் வளைவு வளைவா நிண்டால் அவசரப்பட்டுத் தள்ளிவிடாதேங்கோ, கன ட்ரைவ் இன் மூடினாப் பிறகு வரம்பையே பாதையா வச்சுக்கொண்டு கரவான் பார்க் ஆக்கியிருக்கினம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, சாமான் வைக்கிற ஸ்டோர் எண்டும் மாறியிருக்கு.

சந்தேகம் வந்தால் கூகிள் ஏர்த் மட்டும் போதாது, யூ.எஸ்.ஜி.எஸ் எண்ட அமெரிக்க அரசின்ர நிலவியல் ஆய்வு நிறுவனத்தின்ர பழைய மேப்புகளை எடுங்கோ. டொப்போவியூ எண்ட அவங்கட தளத்தில எல்லாம் இலவசம். 1:24,000 அளவு மேப்பில தியேட்டர் இருந்த இடத்தில அந்த வளைவு வடிவத்தையே கீறி, ட்ரைவ் இன் தியேட்டர் எண்டு எழுதியும் வச்சிருப்பினம். முதல் முறை பாத்தப்ப எனக்கு நம்பவே ஏலாமல் போச்சுது, ஒரு அரசாங்க நிலஅளவையாளர் சினிமாக் கொட்டகைக்கு இவ்வளவு மரியாதை குடுத்து வரைஞ்சிருக்கிறார். அதை கே.எம்.ஸீ ஃபோர்மட்டில இறக்கினா நேர கூகிள் ஏர்த்தில அந்தந்த இடத்திலயே வந்து படுக்கும், பிறகு ட்ரான்ஸ்பரன்சி ஸ்லைடரை மெல்ல இழுத்தால் மேப் மங்க மங்க கீழ இண்டைக்கு இருக்கிற கார் பார்க்கோ வீடோ எழும்பி வரும். போனில இந்த வேலை ஏலாது எண்டு சொன்னது இதுக்காகத் தான். இன்னும் ஆழமாப் போக விரும்பினால் லைடார் தரை அளவு இருக்கு, விமானத்தில இருந்து லேசர் அடிச்சு மரத்துக்குக் கீழ இருக்கிற நிலத்தின்ர மேடு பள்ளத்தை எடுக்கிறது, நல்ல அடர்ந்த காட்டுக்குள்ளயும் அந்த வரம்பு அப்பிடியே நிக்கிறது தெரியும். நான் அதில இன்னும் கத்துக்குட்டி, அதால கூடக் கதைக்கேல்ல.

குறைகளும் சொல்ல வேணும். பழைய படம் எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி இல்ல. அமெரிக்காவில தோண்டத் தோண்ட வரும், எங்கட பக்கம் எண்டால் பெரும்பாலும் 2000க்குப் பிறகு தான். கீழ காட்டுற திகதியை அப்படியே நம்பேலாது, ஏனெண்டால் ஒரு காட்சி பல படங்களை ஒட்டின ஒண்டு, மவுஸை நகத்தினால் திகதி மாறும். பழைய படத்துக்கும் புதுப் படத்துக்கும் சில மீற்றர் விலகல் இருக்கிறது சாதாரணம், இடத்தை அடையாளம் வைக்கக் குத்தின பின் (pin) பக்கத்து வீட்டில போய் நிக்கும். அளவெடுக்கிற ஆள் எண்ட முறையில எனக்கு அது உறுத்தும், ஆனா தியேட்டர் தேடுறதுக்கு பாதகமில்ல.

ஒரு கிழமை நான் இதே சாமானால கொழும்புத் தியேட்டர்களையும் தேடிப் பாத்தன். எங்கட தியேட்டர் எல்லாம் கூரை போட்டது. மேல இருந்து பாத்தா தியேட்டர் கூரைக்கும் அரிசி ஸ்டோர் கூரைக்கும் வித்தியாசம் இல்ல. பிளாசா, சஃபையர், பாமன்கடை ஈரோஸ், கொட்டாஞ்சேனைப் பக்கம் கிங்ஸ்லி, செல்லமஹால், எங்கட ஆக்கள் தமிழ்ப் படம் பாக்க ஏறி இறங்கின இடங்கள், ஸ்லைடரை கடைசி மட்டும் இழுத்தாலும் வெறும் தகரமும் அஸ்பெஸ்டஸும். கொம்பனித்தெரு ரியோ 1965இல கட்டினது, 70 எம்.எம் ஓடின பெருமையான தியேட்டர், 83 ஜூலையில எரிச்சவை. எரிஞ்ச பிறகும் கன வருசம் அந்தக் கட்டடம் நிண்டது. மேல இருந்து எடுத்த படம் அந்தக் கூரைக்குக் கீழ என்ன நடந்தது எண்டு ஒரு சொல்லும் சொல்லாது. ட்ரைவ் இன் மண்ணில எழுதினது, மண் அழியாது. எங்கட தியேட்டர் கூரைக்குக் கீழ இருந்தது, அது ஆக்களின்ர வாயில தான் இருக்கு. மஜெஸ்டிக் தியேட்டர் போய் கன காலம், ஆனா பம்பலப்பிட்டியில மஜெஸ்டிக் சிட்டி எண்ட பேரில இருக்கு. அகமதாபாத்தில 1973இல திறந்த சன்செட் ட்ரைவ் இன்னால ஒரு பெரிய ரோட்டுக்கே ட்ரைவ் இன் ரோட் எண்டு பேர். பேரையும் தேடுங்கோ, வடிவத்தை மட்டும் தேடாதேங்கோ.

கொழும்புக்கு உண்மையில வேணுமெண்டால் நாரஹேன்பிட்டி நிலஅளவைத் திணைக்களத்தைத் தான் நினைக்க வேணும். 1956இல கொழும்புத் திட்டம் (Colombo Plan) எண்ட நாடுகளுக்கு இடையிலான உதவித் திட்டத்தில கனடாக்காரர் வந்து நாடு முழுக்க விமானத்தில படம் எடுத்தவை. பழைய வெள்ளவத்தையை மேல இருந்து பாக்க ஆசை உள்ள ஆக்களுக்கு அது புதையல்.

இனி மாமாவின்ர தியேட்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு மூண்டு மாடி ஏறிப் போனன். யுவான் சிங் ரோட்டுக்குப் போய் ஸ்லைடரை எவ்வளவு இழுத்தும் நான் விசிறியைக் காணேல்ல, அங்க இருக்கிற படம் எல்லாம் தியேட்டர் மூடி பதினஞ்சு வருசத்துக்குப் பிறகு எடுத்தது, சிங்கப்பூர்காரன் ஒரு காணியைச் சும்மா விடுவானா. நான் சரி, ஏலாது போல எண்டு நினைச்சன். ஆனா மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்து "கொஞ்சம் பொறு, அந்தக் குளத்தைக் காட்டு" எண்டார். ஜூரோங் ஏரியைக் காட்டினன். "இது தான் ஜப்பான்காரன்ர தோட்டம், நான் சிங்கப்பூர் போன வருசம் அது புதுசாத் திறந்து இருந்தது. இப்ப ரோட்டைப் பிடிச்சு வா. மெல்ல. மெல்ல பிள்ளை. பஸ்ஸால இறங்கினா தோட்டம் ஒரு கைப்பக்கம், கொஞ்சத் தூரம் நடந்தால் கார் வரிசையா திரும்பும், அதோட நானும் திரும்புவன்." விரலை ஸ்க்ரீனில வச்சார். விரல் நடுங்கினது, ஆனா இடம் நடுங்கேல்ல. "ஸ்க்ரீன் இஞ்சால. கார் எல்லாம் இந்தப் பக்கம். நாங்கள் நடந்து வந்த ஆக்கள் இஞ்ச இருந்தம். மழை வந்தால் கார்காரர் கண்ணாடியை ஏத்திக்கொண்டு இருப்பாங்கள், நாங்கள் எங்கட கலரியில இருந்து அவங்களைப் பாப்பம்."

ரூலரை எடுத்து அவர் சொன்ன ஸ்க்ரீனில இருந்து கலரிக்கு அளந்தன். பிறகு 899 காருக்கு எவ்வளவு நிலம் வேணும் எண்டு ஓஹாயோவில பழகின 12 மீற்றர் கணக்கால பொலிகன் எண்ட வடிவம் கீறுற டூலால வரம்பு வரம்பாக் கீறிக் காட்டினன். மாமா கொஞ்ச நேரம் பாத்திட்டு, கடைசி ரெண்டு வரியை இன்னும் கொஞ்சம் அகலமாக்கச் சொன்னார். ஆக்கினன். "ஓம், இப்ப சரி" எண்டார்.

மார்க் போட வேணுமெண்டால் 10க்கு 9. குறைஞ்ச ஒண்டு எங்கட நாட்டுக்குப் பழைய படம் இல்லாததுக்கு. புதுசாத் தொடங்குற ஆக்கள் பென்சில்வேனியாவிலயும் ஓஹாயோவிலயும் தொடங்குங்கோ, இன்னும் ஓடுற தியேட்டர்களை நல்லாப் பாத்துக் கண்ணைப் பழக்கிட்டு பிறகு மூடினதுக்குப் போங்கோ. கண்டதெல்லாத்தையும் உடன பின் குத்தி சேவ் பண்ணுங்கோ, நான் முதல் மாதம் குத்தாமல் விட்ட ரெண்டு இடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்கவே இல்ல.

சிங்கப்பூர் பின்னுக்கு என்ன பேர் வைக்கிறது எண்டு மாமாட்டக் கேட்டன். "கலரி எண்டு போடு" எண்டார். அந்த ஃபைல் சில கேபி தான் வரும், டொரொன்டோவில இருக்கிற அவரின்ர மகனுக்கு வட்ஸ்அப்பில அனுப்பிட்டன், அவன் திறந்து பாத்திட்டு ராவு ஒரு மணிக்கு மாமாவுக்குக் கோல் எடுத்தவனாம், ஒன்றரை மணித்தியாலம் கதைச்சவையாம்.